கனடாவில் முதல் ஐடி வேலை: ஹெல்ப் டெஸ்க் வழியாக நுழைபவர்களுக்கு

ஒன்டாரியோ மாகாணத்தில் 2026 ஜனவரி 1 முதல் ஒரு விதி அமலில் இருக்கிறது. 25 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம், பொதுவில் வெளியிடும் வேலை விளம்பரத்தில் 'கனடிய அனுபவம் தேவை' என்று போடக் கூடாது. சம்பளத்தைச் சொல்லியாக வேண்டும். 'இவ்வளவு முதல் இவ்வளவு வரை' என்று சொன்னால், இடைவெளி ஆண்டுக்கு 50,000 டாலரைத் தாண்டக் கூடாது. இன்டர்வியூவுக்குக் கூப்பிட்ட ஆளுக்கு 45 நாளுக்குள் முடிவைத் தெரிவிக்க வேண்டும்.

நல்ல விதிதான். ஆனால் 'கனடிய அனுபவம்' என்ற வரி விளம்பரத்திலிருந்துதான் போயிருக்கிறது, எதிரில் உட்கார்ந்து கேள்வி கேட்பவர் மனதிலிருந்து போகவில்லை. "காலை ஒன்பது மணிக்கு ஒரு கணக்காளர் லாகின் ஆக முடியாமல் கடுப்பில் போன் பண்ணினால், இந்த ஆள் சமாளிப்பாரா?" வாய்விட்டுக் கேட்காவிட்டாலும் அவருக்குத் தெரிய வேண்டியது இதுதான். இதற்குச் சிலர் பொய் அனுபவத்தைக் காட்டிப் பதில் சொல்கிறார்கள். வீட்டிலேயே செய்து பார்த்த வேலையைக் காட்டியும் பதில் சொல்லலாம். அந்த இரண்டாவது வழியைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறோம்.

டெவலப்பர் வேலை கிடைத்தால்தான் ஐடி என்று நினைத்து ஆறு மாதம் வீட்டில் உட்கார்ந்திருப்பவர்கள் டொரான்டோ சுற்றுவட்டாரத்தில் நிறைய. கோடிங்கில் சம்பளத்தோடு வேலை செய்த அனுபவம் ஏற்கெனவே இருந்தால் அந்த வழியிலேயே போங்கள். படிப்பு மட்டும் இருக்கிறது, அல்லது வேறு துறையிலிருந்து வருகிறீர்கள் என்றால் ஊழியர்களின் கணினிச் சிக்கல்களைத் தீர்க்கும் ஹெல்ப் டெஸ்க்தான் நடைமுறையில் திறக்கும் கதவு. விளம்பரங்களில் இது 'சர்வீஸ் டெஸ்க் அனலிஸ்ட்', 'டெஸ்க்டாப் சப்போர்ட்', 'ஐடி சப்போர்ட் டெக்னீஷியன்' என்று பல பெயர்களில் வரும். பாஸ்வேர்டு ரீசெட், பிரிண்டர், விபிஎன் (வெளியிலிருந்து அலுவலக நெட்வொர்க்கில் பாதுகாப்பாக இணையும் வழி), புதிய ஊழியருக்கு லேப்டாப் தயார் செய்வது, வேலையை விட்டவரின் கணக்கை முடக்குவது ஆகியவைதான் முதல் வருட வேலை. உங்கள் பகுதியில் இதற்கு என்ன சம்பளம் என்பதை அரசின் ஜாப் பேங்க் தளத்தில் குறைந்தது, நடுத்தரம், அதிகம் என மூன்று நிலைகளில் பார்க்கலாம். பேரம் பேசும் முன் பார்த்துவிடுங்கள்.

சான்றிதழ்: ஒன்று போதும், பெயர் சரியாக இருக்கட்டும்

முதல் நிலைக்குக் காம்ப்டியா அமைப்பு தரும் 'ஏ பிளஸ்' என்ற அடிப்படை சப்போர்ட் சான்றிதழ் போதும். அதில் இரண்டு தேர்வு, கோர் 1, கோர் 2. ஒவ்வொன்றிலும் அதிகபட்சம் 90 கேள்வி, 90 நிமிடம். 900க்குக் கோர் 1-இல் 675, கோர் 2-இல் 700 எடுத்தால் தேர்ச்சி. மூன்றாண்டு செல்லும். 2025 மார்ச்சில் பாடத்திட்டம் 220-1201, 220-1202 என்று மாறிவிட்டது. பழைய 1101, 1102 தேர்வுகள் அதே ஆண்டு செப்டம்பரோடு முடிந்தன. நண்பர் கொடுத்த பழைய புத்தகத்தின் அட்டையில் எந்த எண் இருக்கிறது என்று பாருங்கள். இந்தத் தேர்வுக்கான புரொஃபசர் மெஸ்ஸரின் பாட வீடியோக்கள் யூடியூபில் இலவசம். அவற்றை முழுதாகப் பார்த்து, கூடவே கைப்பழக்கமும் இருந்தால் தனியாக கோச்சிங் தேவையில்லை. 'டம்ப்' என்று விற்கும், தேர்விலிருந்து கசிந்த கேள்வித்தாள்களை வாங்காதீர்கள். பிடிபட்டால் சான்றிதழ் ரத்தாகும். பிடிபடாவிட்டாலும் இன்டர்வியூவில் இரண்டாவது கேள்வியிலேயே சாயம் வெளுத்துவிடும்.

நம்மவர்களுக்கே உரிய சிக்கல் ஒன்று இருக்கிறது: இனிஷியல். தேர்வுக்குப் பதியும்போது 'எஸ். கார்த்திக்', பாஸ்போர்ட்டில் 'கார்த்திக் சுப்ரமணியன்' என்றிருந்தால் தேர்வு மையத்தில் திருப்பி அனுப்பிவிடலாம், கட்டிய பணமும் போகும். பாஸ்போர்ட்டில் எப்படி இருக்கிறதோ, எழுத்துக்கு எழுத்து அப்படியே பதியுங்கள். ரெஸ்யூமே, லிங்க்ட்இன், வங்கிக் கணக்கு, கல்விச் சான்று எல்லாவற்றிலும் ஒரே வடிவம் இருப்பது நல்லது. பின்னணிச் சரிபார்ப்பில் பெயர் ஒத்துப்போகாமல் வேலைத் தேதி தள்ளிப்போவது சாதாரணமாக நடக்கிறது. ரெஸ்யூமேயில் போட்டோ, பிறந்த தேதி, தந்தை பெயர், திருமண நிலை எதுவும் வேண்டாம். இரண்டு பக்கத்துக்கு மேல் போக வேண்டாம்.

வீட்டு லேப்

அலுவலக நெட்வொர்க்கை வீட்டிலேயே சிறிய அளவில் உருவாக்கிப் பழகும் இந்த லேபுக்குத்தான் அதிக நேரம் கொடுக்க வேண்டும். தேவையானது 16 ஜிபி ரேமும் எஸ்எஸ்டியும் உள்ள ஒரு பழைய ஆபீஸ் டெஸ்க்டாப். கீழே சொல்லும் சர்வர் ஒதுக்கீட்டைக் குறைத்தால் 8 ஜிபியிலும் ஓடும், ஆனால் தவழும். ஒரே கணினிக்குள் பல மெய்நிகர் கணினிகளை ஓட்ட உதவும் விர்ச்சுவல்பாக்ஸ் இலவசம். மைக்ரோசாஃப்ட் தளத்தில் விண்டோஸ் சர்வரின் சோதனைப் பதிப்பு 180 நாளுக்கும், விண்டோஸ் 11 என்டர்பிரைஸ் சோதனைப் பதிப்பு 90 நாளுக்கும் கிடைக்கிறது. சர்வருக்கு 4 ஜிபி, விண்டோஸ் 11 இயந்திரத்துக்கு 4 ஜிபி ஒதுக்கி, சர்வரில் ஆக்டிவ் டைரக்டரி (பயனர், கணினிக் கணக்குகளை ஓரிடத்தில் நிர்வகிக்கும் அமைப்பு) நிறுவி, அதை டொமைன் கன்ட்ரோலர் (டொமைன் என்ற அந்தக் கணக்குக் குழுவை ஆளும் சர்வர்) ஆக்கி, மற்றதை அந்த டொமைனில் சேர்க்க வேண்டும்.

சேராது. அநேகமாக எல்லோருக்கும் முதல் முறை சேராது. காரணம் பெரும்பாலும் இரண்டில் ஒன்று. விர்ச்சுவல்பாக்ஸ் தானாக வைக்கும் 'நாட்' அமைப்பில் ஒவ்வொரு இயந்திரமும் தனித்தனித் தீவு. இரண்டுக்கும் 10.0.2.15 என்ற ஒரே ஐபி (நெட்வொர்க் முகவரி) வந்திருந்தால் இதுதான் சிக்கல். அமைப்பை 'நாட் நெட்வொர்க்' என்று மாற்றி, சர்வருக்கு நிலையான ஐபி கொடுங்கள். இரண்டாவது காரணம் டிஎன்எஸ், அதாவது பெயரை ஐபி முகவரியாக மாற்றித்தரும் சேவை. விண்டோஸ் 11 இயந்திரத்தில் டிஎன்எஸ் முகவரியாகக் கூகுளின் 8.8.8.8 இருந்தால், உங்கள் டொமைன் எங்கே இருக்கிறது என்று அது கூகுளிடம் போய்க் கேட்கும். உங்கள் வீட்டு டொமைன் கூகுளுக்கு எப்படித் தெரியும்? சர்வரின் ஐபியை டிஎன்எஸ் முகவரியாகப் போட்டதும் சேர்ந்துவிடும்.

பிறகு பத்துப் பயனர்களை உருவாக்கி, வேண்டுமென்றே கெடுத்துப் பாருங்கள். ஐந்து முறை தவறான பாஸ்வேர்டு போட்டால் கணக்கு பூட்டிக்கொள்ளும்படி விதி வையுங்கள். அந்த விதியை டொமைன் முழுதுக்குமான 'டிஃபால்ட் டொமைன் பாலிசி'யில் வைக்க வேண்டும். ஒரு ஓயூவில் (டொமைனுக்குள் இருக்கும் துணைப் பிரிவு) மட்டும் வைத்துவிட்டு 'வேலை செய்யவில்லையே' என்று மண்டையைப் பிய்த்துக்கொள்பவர்கள் பலர். கணக்கு பூட்டியதும் சர்வரின் செக்யூரிட்டி லாகில் (பாதுகாப்புப் பதிவேடு) 4740 என்ற நிகழ்வு எண்ணைத் தேடினால், எந்தக் கணினியிலிருந்து தவறான பாஸ்வேர்டு வந்தது என்ற பெயரும் அதிலேயே இருக்கும். நிஜ அலுவலகத்தில் பாஸ்வேர்டு மாற்றிய மறுநாள் ஒருவரின் கணக்கு திரும்பத் திரும்பப் பூட்டுகிறது என்றால், பழைய பாஸ்வேர்டு அவருடைய போனிலோ, விண்டோஸ் பாஸ்வேர்டுகளைச் சேமித்துவைக்கும் கிரெடென்ஷியல் மேனேஜரிலோ, இணைத்துவைத்த நெட்வொர்க் டிரைவிலோ ஒட்டிக்கொண்டிருக்கும். 'அன்லாக் பண்ணிவிட்டேன்' என்று நிறுத்துபவர்தான் அதிகம். எங்கிருந்து பூட்டுகிறது என்று தேடிப் போகிறவரை மேலாளர் கவனிப்பார்.

இதை ரெஸ்யூமேயில் 'அனுபவம்' என்ற தலைப்பின் கீழ் போடக் கூடாது, 'ஹோம் லேப்' என்று தனித் தலைப்பில் போடுங்கள். மறைக்க ஒன்றுமில்லாததால் எவ்வளவு தோண்டிக் கேட்டாலும் பதில் இருக்கும்.

டிக்கெட்டும் தொலைபேசியும்

தொழில்நுட்பம் தெரிந்தும் இன்டர்வியூவில் விழுபவர்கள் பெரும்பாலும் விழும் இடம் இது. 'பிரச்சினை சரிசெய்யப்பட்டது' என்று முடித்த டிக்கெட்டால் (வந்த புகாரின் பதிவு) யாருக்கும் பயனில்லை. இப்படி இருக்க வேண்டும்: காலை 9.10 முதல் அவுட்லுக் திரும்பத் திரும்ப பாஸ்வேர்டு கேட்கிறது, அவருக்கு மட்டும்தான், பிரவுசரில் மெயில் திறக்கிறது, நேற்று பாஸ்வேர்டு மாற்றியிருக்கிறார், கிரெடென்ஷியல் மேனேஜரில் பழைய பதிவை நீக்கி, அவுட்லுக்கை மறுபடி திறந்ததும் சரியானது, 9.35க்கு அவரே உறுதிசெய்தார். லேப்பில் நீங்கள் கெடுத்துச் சரிசெய்த ஒவ்வொன்றுக்கும் இதுபோல் ஆங்கிலத்தில் ஐந்து வரி எழுதிப் பழகுங்கள்.

ஆங்கிலம் சரளமாக இருந்தாலும் நம் ஊர் அலுவலக ஆங்கிலம் இங்கே இடறும். 'ஐ வில் ரிவர்ட்' என்றால் நமக்குப் 'பதில் சொல்கிறேன்'. ஐடியில் உட்கார்ந்திருக்கும் கனடியருக்கு அது 'பழைய நிலைக்கு மாற்றிவிடுகிறேன்'. மாற்றம் செய்துகொண்டிருக்கும் நேரத்தில் இப்படி ஒரு மெயில் போனால் குழப்பம்தான். 'ஐ ஹேவ் எ டவுட்' என்றால் சந்தேகப்படுகிறீர்கள் என்று அர்த்தமாகும். 'கொஸ்டின்' என்று சொல்லுங்கள். எழுத்துகளைச் சொல்லும்போது ஆல்ஃபா, பிராவோ, சார்லி (ஏ, பி, சி) வரிசையை மனப்பாடம் செய்துவிடுங்கள். போனில் 'பி'யும் 'டி'யும் ஒன்றுபோலத்தான் கேட்கும்.

'இன்டர்நெட் வரவில்லை என்று ஒருவர் கூப்பிடுகிறார், என்ன செய்வீர்கள்?' என்பது கேட்காமல் விடாத கேள்வி. கட்டளைகளை அடுக்குவதில் பாயாதீர்கள். அவருக்கு மட்டுமா, பக்கத்து மேசைக்குமா? எப்போதிலிருந்து? கடைசியாக என்ன மாறியது? இவற்றைக் கேட்ட பிறகுதான் கணினியின் ஐபி முகவரியைக் காட்டும் ஐபிகான்ஃபிக் கட்டளை. முகவரி 169.254 என்று தொடங்கினால் முகவரிகளைத் தானாக வழங்கும் டிஹெச்சிபியிலிருந்து முகவரி கிடைக்கவில்லை என்று பொருள். முகவரி சரி, 8.8.8.8-க்கு பிங் (இணைப்பைச் சோதிக்கும் கட்டளை) போகிறது, ஆனால் எந்தத் தளமும் திறக்கவில்லை என்றால் டிஎன்எஸ் பக்கம் திரும்புங்கள்.

இன்னொரு கேள்வி பொறி மாதிரி வரும்: 'நிதி இயக்குநர் விமான நிலையத்தில் இருக்கிறார், அவசரம், பாஸ்வேர்டை மாற்றிக் கொடு என்கிறார்.' பெரிய மனிதர் சொன்னால் செய்துவிட வேண்டும் என்ற நம் வளர்ப்பு இங்கே காலை வாரும். எவ்வளவு பெரிய பதவியானாலும் அடையாளத்தைச் சரிபார்க்காமல் மாற்றக் கூடாது. பதிவில் உள்ள எண்ணுக்குத் திருப்பிக் கூப்பிடுவதோ, அவருடைய மேலாளர் வழியாக உறுதிசெய்வதோதான் சரியான பதில். 2023 செப்டம்பரில் லாஸ் வேகாஸின் எம்ஜிஎம் ரிசார்ட்ஸ் முடங்கியபோது, ஊழியர் போலப் பேசி ஹெல்ப் டெஸ்கை ஏமாற்றியே தாக்குதல்காரர்கள் உள்ளே போனதாகச் செய்திகள் வந்தன.

வேலைக் குறியீடும் 1,560 மணியும்

தற்காலிக அனுமதியில் இருந்துகொண்டு நிரந்தர வசிப்புரிமைக்குப் போகிறவர்கள் இந்தப் பகுதியைக் கவனமாகப் படிக்க வேண்டும். எக்ஸ்பிரஸ் என்ட்ரி என்ற குடியேற்றத் தேர்வு முறையின் கனடிய அனுபவப் பிரிவில் விண்ணப்பிக்க, கடைசி மூன்றாண்டில் குறைந்தது 1,560 மணி நேரத் திறன்சார் வேலை கனடாவில் செய்திருக்க வேண்டும். அதாவது வாரம் 30 மணி வீதம் ஓராண்டு. முழுநேர மாணவராக இருந்தபோது செய்த வேலையும் சுயதொழிலும் இந்தக் கணக்கில் சேராது. மாணவர்கள் கல்லூரி நடக்கும் காலத்தில் வளாகத்துக்கு வெளியே வாரம் 24 மணிக்கு மேல் வேலை செய்வது அனுமதியை மீறுவது என்பதும் நினைவிருக்கட்டும்.

யூசர் சப்போர்ட் டெக்னீஷியன் வேலையின் அரசுக் குறியீடு 22221. இது டீர் 2 (டீர் என்பது வேலைக்குத் தேவையான பயிற்சி, கல்வியின் நிலை), எனவே கணக்கில் சேரும். கால் சென்டரில் ஹெட்செட் மாட்டிக்கொண்டு, எழுதிக்கொடுத்ததை வாசித்து, மோடத்தை அணைத்துப் போடச் சொல்லும் வேலையும் விளம்பரத்தில் 'டெக் சப்போர்ட்' என்றுதான் வரும். ஆனால் அது வாடிக்கையாளர் சேவை என்ற 64409 குறியீட்டில் போய் விழக்கூடும். அது டீர் 4, கணக்கில் சேராது. ஓராண்டு உழைத்த பிறகு இது தெரியவருவதுதான் பெரிய அடி. பதவியின் பெயரைப் பார்க்க மாட்டார்கள், செய்த வேலையைத்தான் பார்ப்பார்கள். ஆஃபர் வந்ததும், கையெழுத்துப் போடும் முன், அதிலுள்ள பணிகளை 22221-இன் முக்கியப் பணிகளோடு வரிக்கு வரி ஒப்பிடுங்கள். வேலையை விடும்போது பதவி, பணிகள், வார மணிநேரம், சம்பளம், தேதிகள் எல்லாம் உள்ள கடிதத்தை நிறுவனத்தின் லெட்டர்ஹெட்டில் வாங்கிக்கொள்ளுங்கள்.

பணம் பறிக்கும் வழிகள்

'பயிற்சி கொடுத்து, ஐந்து வருட அனுபவம் போட்டு, இன்டர்வியூவில் எங்கள் ஆளை உட்காரவைத்து வேலை வாங்கித்தருகிறோம்' என்று அழைப்பவர்கள் நம் வாட்ஸ்அப் குழுக்களிலேயே இருக்கிறார்கள். அந்தப் பொய் அனுபவம் குடியேற்ற விண்ணப்பத்திலும் ஏறினால் அது தவறான தகவல் அளித்த குற்றம், ஐந்தாண்டுத் தடை. மாட்டுவது நீங்கள்தான், அவர்கள் அல்ல.

ஆஃபர் லெட்டருக்குக் காசு கேட்பவர்களிடம் ஒரு விஷயத்தைச் சொல்லுங்கள்: 2025 மார்ச் 25 முதல் எக்ஸ்பிரஸ் என்ட்ரியில் வேலை ஆஃபருக்கான தனிப் புள்ளிகளே இல்லை. ஒன்டாரியோவில் தற்காலிக வேலை ஏஜென்சிகளுக்கு 2024 ஜூலை முதல் உரிமம் கட்டாயம். மாகாண அரசின் தளத்தில் பெயரைத் தேடிப் பார்க்கலாம். உங்களைச் சேர்த்துக்கொள்ளவோ, ரெஸ்யூமே திருத்தித்தரவோ அவர்கள் உங்களிடம் கட்டணம் வாங்கக் கூடாது.

வீட்டிலிருந்தே வேலை, இன்டர்வியூ சாட்டிலேயே முடிந்தது, லேப்டாப் வாங்க காசோலை அனுப்புகிறோம், மீதியை 'எங்கள் விற்பனையாளருக்கு' அனுப்பிவிடுங்கள் என்றால் அது மோசடி. காசோலை கணக்கில் காட்டும், சில நாள் கழித்துத் திரும்பிவிடும். நீங்கள் அனுப்பியது உங்கள் சொந்தப் பணம். சின் எண்ணையும் (அரசு தரும் சமூகக் காப்பீட்டு எண்) வேலையில் சேர்ந்த பிறகு கொடுத்தால் போதும், சேர்ந்து மூன்று நாளுக்குள் கொடுக்க வேண்டும். விண்ணப்பப் படிவத்திலேயே அதைக் கேட்பவரிடம் எச்சரிக்கையாக இருங்கள்.

கடைசியாக ஓவர்டைம். ஒன்டாரியோவில் வாரம் 44 மணிக்கு மேல் ஒன்றரை மடங்கு கூலி. 'ஐடி ஆட்களுக்கு அது கிடையாது' என்று சில மேலாளர்கள் ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். விலக்கு இருப்பது உண்மை. ஆனால் அது சிறப்பு அறிவோடு, சொந்த முடிவெடுத்து கணினி அமைப்புகளை ஆராய்ந்து வடிவமைப்பது போன்ற வேலையை முதன்மையாகச் செய்பவர்களுக்கு. பிரிண்டர் சரிசெய்பவர் அந்த வரையறைக்குள் வருகிறாரா என்பதை அவர் அன்றாடம் செய்யும் வேலைதான் சொல்லும். சேர்ந்த நாளிலிருந்து வந்த நேரம், போன நேரத்தை உங்கள் சொந்த நோட்டில் தேதிவாரியாகக் குறித்து வையுங்கள். 1,560 மணிக் கணக்குக்கும் அதே நோட்டு உதவும்.