லொகின் ஆகுது, ஃபைல் லிஸ்ட் வரல: அதுக்காக ஃபயர்வோல ஓஃப் பண்ணாதீங்க

ஹட்டன், தலவாக்கலை பக்கம் நெட்வேர்க் வேல பார்க்கிற எனக்கு மாசக்கடைசியில வர்ற கோல் அநேகமா இதுதான். எஸ்டேட் ஒபிஸ்ல இருந்து கொழும்புக்கு செக்ரோல் (தொழிலாளிங்களோட வேலநாள், சம்பளக் கணக்கு) ஃபைல் அனுப்பணும், எஃப்டிபில (ஒரு கம்ப்யூட்டர்ல இருந்து இன்னொன்னுக்கு ஃபைல் அனுப்புற பழைய முறை) லொகின் ஆகுது, பாஸ்வேர்டும் சரி, ஆனா லிஸ்ட் வர்ற இடத்துல அப்படியே நின்னு டைம் அவுட்னு விழுந்துரும். அவசரத்துல யாரோ ஃபயர்வோல ஓஃப் பண்ணிருவாங்க. சிலநேரம் வேலையும் செய்யும், பெறகு திரும்ப ஓன் பண்ண யாருக்கும் ஞாபகம் வராது, அந்த மெஷின்லதான் தொழிலாளிங்களோட ஐடி நம்பர், பேங்க் அக்கவுன்ட் எல்லாம் கெடக்கு.

லொகின் ஆச்சின்னா 21ஆம் போர்ட் (கனெக்ஷன் உள்ள போற நம்பர் போட்ட வாசல்) தெறந்துதான் இருக்கு, அத நோண்ட வேணாம். எஃப்டிபிக்கு ரெண்டு கனெக்ஷன் வேணும், கட்டளை போறது 21ல, லிஸ்டும் ஃபைலும் வர்றதுக்கு தனியா இன்னொன்னு. இந்த ஏற்பாடு 1985ல வந்த ஆர்எஃப்சி 959ங்கிற எஃப்டிபி விதிமுறை ஆவணத்துல இருக்கிறது, அப்ப ஃபயர்வோல பத்தி யாரும் யோசிக்கல. எக்டிவ் மோட்ல சேர்வரே திரும்ப நம்ம மெஷினுக்கு கனெக்ட் பண்ணப் பாக்கும், நம்ம ரௌட்டர் முன்பின் தெரியாத ஆள வாசல்லயே நிப்பாட்டுற மாதிரி நிப்பாட்டிரும். பாசிவ் மோட்ல நாமதான் சேர்வர் சொல்ற போர்ட்டுக்கு போகணும், அதனால தடை இருந்தா பெரும்பாலும் அந்தப் பக்கத்து ஃபயர்வோல்லதான்.

எந்தப் பக்கம்னு லொக்லயே (நடந்தத வரிவரியா எழுதி வைக்கிற பதிவு) தெரியும், ஆனா யாரும் அத வாசிக்கிறதில்ல. பாசிவ் மோட்ல 227ன்னு தொடங்குற ஒரு வரி வரும், அடைப்புக்குள்ள 192,168,1,20,195,80ன்னு ஆறு நம்பர். முதல் நாலு ஐபி, கடைசி ரெண்டு போர்ட்: 195ஐ 256ஆல பெருக்கி 80 கூட்டுனா 50000. இங்க 192.168ன்னு சேர்வர் தன்னோட உள்வீட்டு ஐபியத் தருது, ஹட்டன்ல இருந்து அதுக்கு எப்பிடிப் போறது? ஃபைல்சில்லாங்கிற எஃப்டிபி புரோகிராம் இதப் பாத்துட்டு தானாவே வெளி ஐபிய எடுத்துக்கும், விண்டோஸோட வர்ற பழைய எஃப்டிபி கமாண்டுக்கு பாசிவே தெரியாது. அதனாலதான் கையால அனுப்புனா போற ஃபைல் ராத்திரி தானா ஓடுற ஸ்கிரிப்ட்ல, அது இந்தப் பழைய கமாண்ட பாவிச்சா, போறதில்ல. கொழும்புக்காரங்ககிட்ட, பாசிவ் செட்டிங்ல வெளி ஐபியப் போட்டு, 50000ல இருந்து 50100 மாதிரி ஒரு சின்ன ரேஞ்ச மட்டும் ரௌட்டர்லயும் சேர்வர் ஃபயர்வோல்லயும் தெறக்கச் சொல்லுங்க. ரெண்டுலயும் தெறக்கணும், ஒன்ன விட்டுட்டு ரெண்டையும் செஞ்சிட்டோம்னு சொல்றவங்கதான் அதிகம்.

நேத்து வரைக்கும் வேல செஞ்சி டிஎல்எஸ் (எஃப்டிபிய என்கிரிப்ட் பண்ற, அதாவது மத்தவங்க வாசிக்க முடியாம மறைக்கிற வசதி) போட்டதுக்குப் பெறகு நின்னுட்டா, காரணம் கேட்டா லேசுதான்: ரௌட்டர் இவ்வளவு நாளா அந்த 227 வரிய எட்டிப் பாத்து வழிவிட்டுச்சி, இப்ப வரி என்கிரிப்ட் ஆயிருச்சி, அதுக்கு ஒன்னும் தெரியல. இதுக்கும் ரேஞ்ச் தெறக்கிறதுதான் மருந்து.

சேர்வர ஃபெக்டரியிலயே 4ஜி ரௌட்டர்ல வைக்கிறவங்க முதல்ல அதோட WAN ஐபிய (இன்டர்நெட் பக்கத்து ஐபி) பாருங்க. 100.64ல இருந்து 100.127க்குள்ள இருந்தா 4ஜி கம்பெனி உங்கள தன்னோட இன்னொரு NATக்கு (ஒரே பப்ளிக் ஐபிய பலபேருக்குப் பங்கு போடுற ஏற்பாடு) பின்னால வச்சிருக்கு, உங்க ரௌட்டர்ல போர்ட் ஃபோவர்ட் (வெளிய இருந்து வர்றத சேர்வருக்குத் திருப்பிவிடுறது) எவ்வளவு பண்ணாலும் பிரயோசனமில்ல, பப்ளிக் ஐபி கேட்டு வாங்கணும்.

இன்னொன்னு, மழை நாள்ல லைன் ஸ்லோவாகி பெரிய பேக்அப் இழுத்துக்கிட்டே போகும், ஃபைல் முழுசாப் போய்ச் சேந்தும் கடைசியில எரர் வரும். அந்நேரம் 21ல ஒன்னும் பேசாம சும்மா கெடந்ததால ரௌட்டர் அத வெட்டி விட்டுருக்கும். இடைக்கிடை சின்னதா ஏதாவது அனுப்பி கனெக்ஷன உயிரோட வைக்கிற கீப் அலைவ ஓன் பண்ணுங்க.

என்னக் கேட்டா எஸ்எஃப்டிபிக்கு (எல்லாத்தையும் என்கிரிப்ட் பண்ணி அனுப்புற வேற முறை) மாறிருங்க, 22ன்னு ஒரே போர்ட், எல்லாம் அதுக்குள்ளயே. சும்மா எஃப்டிபில பாஸ்வேர்டே வெட்டவெளியில போகுது. மாத்துனதும் டெஸ்ட் பண்றத சேர்வர் இருக்கிற ஒபிஸ் வைஃபைல பண்ணாதீங்க, அது உள்ளுக்குள்ளயே சுத்தும், ஃபோன் டேட்டால ஹொட்ஸ்பொட் போட்டு வெளிய இருந்து பாருங்க.