மேலுதைப்பு: மூழ்கிய முட்டைக்கும் உண்டு

ஒன்பதாம் வகுப்பு படிக்கும் என் அக்கா மகள் அறிவியல் புத்தகத்தை மடியில் விரித்து வைத்துக்கொண்டு கேட்டாள்: "மாமா, முட்டையைத் தண்ணியில போட்டா முழுகிடுது. அப்புறம் அதுக்கு எப்படி மிதப்பு விசை இருக்கும்? அதுதான் மிதக்கவே இல்லையே!"

அவளுக்கு அறிவியல் புரியாமல் இல்லை. சொல் இடறுகிறது. அந்தச் சொல்லைப் பற்றி எனக்கும் நெடுநாளாக ஒரு மனக்குறை உண்டு.

தண்ணீருக்குள் இருக்கும் எந்தப் பொருளையும் தண்ணீர் மேல்நோக்கித் தள்ளுகிறது. இந்தத் தள்ளலை ஆங்கிலத்தில் பாயன்சி என்கிறார்கள். தமிழ்நாட்டுப் பாடநூலில் இதற்கு மிதப்பு விசை என்று பெயர். கல்லோ கட்டையோ, முட்டையோ மனிதரோ, தண்ணீருக்குள் போன எல்லாவற்றுக்கும் இது உண்டு. போன பொருள் கடைசியில் மிதக்கிறதா, அடியில் போய் உட்காருகிறதா என்பது அடுத்த கேள்வி.

ஆங்கிலச் சொல்லின் பிறப்பைப் பார்த்தால் மிதப்பு என்று மொழிபெயர்த்தவர்கள்மேல் குற்றம் சொல்ல முடியாது. துறைமுகத்தில் கப்பலுக்கு வழிகாட்டக் கட்டி வைக்கும் மிதவைக்கு ஆங்கிலத்தில் பாய் என்று பெயர். அதிலிருந்துதான் பாயன்சி கிளைத்தது. அந்த ஆங்கிலச் சொல், தளை அல்லது விலங்கு என்ற பொருளுடைய போயா என்னும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது என்பது சொல்லாய்வாளர்களில் ஒரு சாராரின் கருத்து. மிதவையைச் சங்கிலி போட்டுக் கட்டித்தானே வைக்கிறோம்! கட்டி வைத்ததற்கு வந்த பெயர், மிதப்பதற்குப் பெயராகி, கடைசியில் தண்ணீரின் தள்ளலுக்கே பெயராகிவிட்டது. ஆக, குழப்பத்துக்கான விதை ஆங்கிலத்திலேயே இருந்தது. நாம் அதை அப்படியே வாங்கி நட்டுவிட்டோம்.

தமிழில் மிதப்பு என்றதும் வேறு பல எண்ணங்களும் கூடவே வரும். "பய ஒரே மிதப்புல திரியறான்" என்றால் கர்வம். மிதவை என்றால் தெப்பம், தோணி வரிசை. சங்கப் பாடல்களில் மிதவை என்று ஒருவகைக் கூழுக்கே பெயர் உண்டு. இத்தனையிலும் மேலே இருத்தல், மேலே வருதல் என்பதுதான் மனத்தில் நிற்கிறது. பாத்திரத்தின் அடியில் கிடக்கும் முட்டைக்கு இந்தச் சொல்லை ஒட்டவைத்தால் பிள்ளைகள் விழிக்கத்தான் செய்வார்கள்.

இலங்கையில் தமிழ்வழியில் அறிவியல் படித்தவர்களுக்கு இந்தச் சிக்கல் இல்லை. அவர்கள் பாடநூலில் இது மேலுதைப்பு. மேல் + உதைப்பு, அவ்வளவுதான். ஆங்கிலத்திலும் அப்த்ரஸ்ட் என்று இதற்கு இன்னொரு சொல் உண்டு. அதற்கு நேரான தமிழ் இது. முதன்முதலில் ஒரு யாழ்ப்பாணத்து நண்பரின் பழைய பள்ளிப் புத்தகத்தில் இதைப் பார்த்தபோது, உதை என்பது அடி உதை வகையறா போலக் கொஞ்சம் முரட்டுத்தனமாகப் பட்டது. யோசித்துப் பார்த்தால் அப்படியில்லை. சாய்கிற சுவருக்கு முட்டுக் கொடுக்கும் கட்டைக்கு உதைகால் என்று பெயர். சுவரைத் தாங்கக் கட்டும் சுவர் உதைசுவர். உதைத்தல் என்றால் காலால் எட்டுவது மட்டும் இல்லை. விழாமல் தாங்கித் தள்ளிப் பிடிப்பதும்தான். முட்டைக்குக் கீழே தண்ணீர் செய்வது சரியாக அந்த உதைகால் வேலை. சில சமயம் முட்டுக் கொடுத்தும் சுவர் விழும். அதற்காக முட்டே இல்லை என்று சொல்வோமா?

அக்கா மகளுக்கு இதை வாயால் சொல்லவில்லை, செய்து காட்டினேன். வீட்டில் சமையலறைத் தராசு இருந்தால் நீங்களும் செய்யலாம். முதலில் முட்டையை மட்டும் நிறுத்தோம்: 55 கிராம். பிறகு ஒரு கண்ணாடிக் குவளையில் முக்கால் பங்கு தண்ணீர் ஊற்றித் தராசில் வைத்து, எண்ணைப் பூச்சியத்துக்குக் கொண்டுவந்தோம். முட்டையை நூலில் கட்டி, தண்ணீருக்குள் முழுவதும் அமிழ்ந்து, அடியைத் தொடாமல் தொங்கும்படி பிடித்தாள். தராசு 51 காட்டியது. நூலைத் தளர்த்தி முட்டையை அடியில் உட்காரவிட்டதும் 55.

முட்டை தொங்கிக்கொண்டிருந்தபோது அதைத் தாங்கியது நூல் மட்டும் என்றால் தராசு ஏறியிருக்கவே கூடாது. தண்ணீர் முட்டையை 51 கிராம் அளவுக்கு மேலே உதைத்தது. அதே அளவுக்கு முட்டை தண்ணீரைக் கீழே அழுத்தியது. அதைத்தான் தராசு காட்டியது. நூல் சுமந்தது மீதி 4 கிராமை மட்டும். அடியில் சும்மா கிடப்பதாக நாம் நினைக்கும் முட்டை, தண்ணீருக்குள் வெறும் 4 கிராம் பொருளாகத்தான் உட்கார்ந்திருக்கிறது. "அப்போ கிட்டத்தட்ட மிதக்குதுன்னே சொல்லலாம் போல" என்றாள். இன்னும் 4 கிராம்தான் பாக்கி.

இந்த உதைப்பு எங்கிருந்து வருகிறது? ஆழம் கூடக் கூடத் தண்ணீரின் அழுத்தமும் கூடும். முட்டையின் மேற்புறத்தைவிட அடிப்புறம் நாலைந்து சென்டிமீட்டர் ஆழத்தில் இருக்கிறது. அதனால் மேலிருந்து அழுத்துவதைவிடக் கீழிருந்து அழுத்துவது கொஞ்சம் அதிகம். அந்த வித்தியாசம்தான் மேலுதைப்பு. எவ்வளவு என்ற கணக்கைச் சொன்னவர், கிறிஸ்து பிறப்பதற்கு முன் மூன்றாம் நூற்றாண்டில் சிராக்யூஸ் நகரில் வாழ்ந்த ஆர்க்கிமிடிஸ்: பொருள் எவ்வளவு தண்ணீரை ஒதுக்கியதோ, அந்தத் தண்ணீரின் எடைதான் உதைப்பின் அளவு. நம் முட்டை ஒதுக்கியது 51 கன சென்டிமீட்டர் தண்ணீர். அதன் எடை 51 கிராம்.

சரி, அப்படியானால் மிதப்பதையும் மூழ்குவதையும் எது தீர்மானிக்கிறது? "கனமானது மூழ்கும், லேசானது மிதக்கும்" என்று சாதாரணமாகச் சொல்லிவிடுகிறோம். 4 கிராம் ஊசி முழுகுகிறது, 400 கிலோ மரக்கட்டை மிதக்கிறது. கனம் என்ற சொல் இங்கே உதவாது. இங்கே வேண்டிய சொல் அடர்த்தி. டென்சிட்டி என்பதற்கு தமிழ்நாடு, இலங்கை இரண்டிலும் ஒரே சொல்லாக நிலைத்துவிட்டது இது. அதில் எனக்குப் பெரிய மகிழ்ச்சி.

அடர்தல் என்றால் நெருங்குதல். அடர்ந்த காடு, அடர்ந்த கூந்தல் என்கிறோமே, அது. அடர்த்தல் என்றால் நெருக்கி நசுக்குதல். கயிலையைத் தூக்கப் போன இராவணனைச் சிவபெருமான் கால்விரலால் அடர்த்ததைத் தேவாரம் திரும்பத் திரும்பப் பாடுகிறது. ஒரே இடத்துக்குள் எவ்வளவு நெருக்கமாகப் பொருள் அடைந்திருக்கிறது என்பதைச் சொல்ல இதைவிடப் பொருத்தமான வேர் கிடைக்காது. லத்தீனிலும் இதே எண்ணம்தான்: டென்சஸ் என்றால் நெருக்கமான, செறிந்த என்று பொருள், காட்டுக்கும் கூட்டத்துக்கும் சொல்கிற சொல். இரண்டு மொழிகளும் அடர்ந்த காட்டைப் பார்த்துத்தான் இந்த அளவுக்குப் பெயர் வைத்திருக்கின்றன என்று நினைக்க எனக்குப் பிடிக்கும்.

இங்கே ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். அடர்த்தியைக் கணக்கிடும்போது தமிழ்நாட்டில் நிறையைக் கன அளவால் வகுப்போம். இலங்கையில் திணிவைக் கனவளவால் வகுப்பார்கள். அங்கே நிறை என்றால் நாம் எடை என்று சொல்வது! ஒரே தமிழில் ஒரே சொல் இரண்டு வேறு அளவுகளுக்கு நிற்கிறது. இரண்டு நாட்டுப் புத்தகங்களையும் மாற்றி மாற்றிப் படிக்கும் பிள்ளைகள் இதில் கட்டாயம் தடுக்கி விழுவார்கள். திணிவு நல்ல சொல். மண் திணிந்த நிலம் என்று புறநானூறு சொல்கிற அதே திணி. எவ்வளவு திணிந்திருக்கிறது என்பது திணிவு, எவ்வளவு நெருக்கமாக என்பது அடர்த்தி. இந்த ஜோடியை நாமும் எடுத்துக்கொண்டால் நன்றாக இருக்கும்.

யாப்பு படித்தவர்களுக்கு ஒரு வெண்பா நினைவுக்கு வரும். "சுரையாழ அம்மி மிதப்ப" என்று தொடங்குவது. மொழிமாற்றுப் பொருள்கோளுக்கு இதைத்தான் எடுத்துக்காட்டாகச் சொல்வார்கள். சுரைக்காய் ஆழ்கிறது, அம்மி மிதக்கிறது என்று படித்தால் அபத்தம். சொற்களை இடம் மாற்றி, சுரை மிதக்க அம்மி ஆழ என்று பொருள் கொள்ள வேண்டும். சுரைக்குடுக்கைக்குள் இருப்பது பெரும்பாலும் காற்று. அம்மியில் கல் நெருங்கிக் கிடக்கிறது. அடர்த்தி என்ற சொல்லை வகுப்பில் தொடங்கி வைக்க இந்த ஓரடி போதும்.

முட்டைக்கு வருவோம். புது முட்டையின் அடர்த்தி தண்ணீரைப் போல ஏறத்தாழ 1.08 மடங்கு. வெள்ளைக்கருவும் மஞ்சள்கருவும் தண்ணீரைவிடக் கொஞ்சம்தான் அடர்ந்தவை. ஓடுதான் கணக்கை ஏற்றிவிடுகிறது. ஓடு பார்க்க மூடிய பெட்டி மாதிரி இருந்தாலும் அதில் ஆயிரக்கணக்கான நுண்துளைகள் உண்டு. இட்ட நாளிலிருந்து அந்தத் துளைகள் வழியாக நீராவியும் கரியமில வாயுவும் வெளியேறிக்கொண்டே இருக்கும். அந்த இடத்துக்குக் காற்று நுழையும். மழுங்கிய முனையில் இருக்கும் காற்றறை நாளுக்கு நாள் பெரிதாகும். ஓடு சுருங்காது, அதனால் கன அளவு அப்படியே 51. நிறை மட்டும் குறையும். அந்த 4 கிராம் பாக்கி தீர்ந்த நாளில் முட்டை மிதக்கும். அதற்கு முன்பே காற்றறை உள்ள முனை தூக்கிக்கொள்ளும்: படுத்துக் கிடந்த முட்டை முதலில் சாயும், பிறகு நட்டுக்க நிற்கும்.

"உள்ளே அழுகி வாயு உண்டாவதால் மிதக்கிறது" என்று பலர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அது சரியில்லை. உள்ளே வாயு உண்டாகி உள்ளேயே இருந்தால் நிறை ஒரு துளியும் குறையாது, அடர்த்தியும் மாறாது. வெளியே போனால்தான் கணக்கு மாறும். ஆகவே மிதத்தல் முட்டையின் வயதைச் சொல்கிறது. கெட்டுவிட்டதா என்பதை உடைத்து முகர்ந்துதான் முடிவு செய்ய வேண்டும். அதேபோல் மூழ்கியதாலேயே நோய்க்கிருமி இல்லாத முட்டை என்று ஆகிவிடாது.

கிராமத்தில் கெட்டுப்போன முட்டையைக் கூமுட்டை என்பார்கள். உள்ளே கூழாகிவிட்ட கூழ்முட்டைதான் பேச்சில் அப்படித் தேய்ந்தது. மிதப்பதெல்லாம் கூமுட்டை என்று அடைக்கோழியின் கீழிருந்து எடுத்து எறிந்துவிடக் கூடாது. அடையில் இருக்கும் நல்ல முட்டையும் பதினெட்டு நாளுக்குள் தன் எடையில் எட்டில் ஒரு பங்கை நீராவியாக இழந்துவிடும். உயிரோடு குஞ்சு இருக்கும் முட்டையும் மிதக்கும். வெதுவெதுப்பான தண்ணீரில் மெல்ல விட்டு, மிதக்கும் முட்டை ஆடுகிறதா என்று பார்க்கும் வழக்கம் இதை அறிந்தவர்களுடையது.

முட்டையை மாற்றாமல் தண்ணீரை மாற்றினாலும் மிதக்க வைக்கலாம். உப்பைக் கரைத்தால் தண்ணீர் அடரும், ஒதுக்கப்படும் 51 கன சென்டிமீட்டரின் எடை கூடும், மேலுதைப்பும் கூடும். கடல்நீர் போதாது, அதன் அடர்த்தி 1.025 அளவுதான், புது முட்டை கடலிலும் மூழ்கும். லிட்டருக்கு 120, 130 கிராம் உப்பு வேண்டும்.

இதை நம் நெல் விவசாயிகள் விதை தேர்வுக்குப் பயன்படுத்துகிறார்கள். பத்து லிட்டர் தண்ணீரில் ஒரு புது முட்டையைப் போட்டுவிட்டு, உப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துக்கொண்டே வருவார்கள். முட்டை மேலே வந்து, நாலணா அகலத்துக்குத் தலை வெளியே தெரிந்ததும் உப்பை நிறுத்துவார்கள். ஏறக்குறைய ஒன்றரை கிலோ பிடிக்கும். 25 காசு நாணயம் 2011இல் செல்லாமல் போய்விட்டது. இந்த அளவு மட்டும் அப்படியே பேச்சில் இருக்கிறது. முட்டையை எடுத்துவிட்டு விதைநெல்லைக் கொட்டிக் கிளறினால் பதரும் கருக்காயும் மேலே வரும், மணி திரண்ட நெல் கீழே தங்கும். சாதாரணத் தண்ணீரில் பதர் மட்டும்தான் மிதக்கும். பாதி திரண்ட கருக்காய் ஏமாற்றிவிட்டு மூழ்கிக்கொள்ளும். உப்புத் தண்ணீரில் அதனால் ஏமாற்ற முடியாது. இங்கே முட்டை ஒரு மானி: தண்ணீர் போதிய அளவு அடர்ந்துவிட்டது என்று சொல்லும் மானி. மூழ்கிய விதையை நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை அலசிவிட்டுத்தான் ஊறப்போட வேண்டும். உப்பு ஒட்டியிருந்தால் முளைப்பு கெடும்.