ஒரு பெட்டிக்குள் நாலு கணினி

அலுவலகங்கள் கழித்துவிடும் சின்னக் கணினிகள் பம்பலப்பிட்டிக் கடைகளில் பழைய பொருள் விலைக்குக் கிடைக்கின்றன. லெனோவோவின் டைனி, டெல்லின் மைக்ரோ, எச்பியின் மினி எல்லாமே ஏறத்தாழ ஒரு லீட்டர் கொள்ளளவுதான். 18 சென்ரிமீற்றர் சதுரம், மூன்றரை சென்ரிமீற்றர் தடிப்பு. ஹட்டன் பஸ்ஸில் மடியில் வைத்தே கொண்டுவந்துவிடலாம். அதற்கு 16 ஜிபி நினைவகம் போட்டால், அந்த ஒரே பெட்டிக்குள் நாலைந்து கணினிகள் ஒன்றையொன்று அறியாமல் ஓடும். இதன் பெயர் மெய்நிகராக்கம். ஒன்றில் குடும்பத்தின் கைப்பேசிப் படங்கள். ஒன்றில் சிக்னல் இல்லாத நாளிலும் வாசிக்க விக்கிப்பீடியா. இன்னொன்று, உயர்தரத்தில் ஐசிடி எடுத்த பிள்ளை லினக்ஸை உடைத்து உடைத்துப் பழகுவதற்கு. எவ்வளவு உடைத்தாலும், முன்னாடியே எடுத்து வைத்த ஸ்னாப்ஷொட்டுக்கு, அதாவது உடைக்கும் முன் இருந்த நிலைக்கு, திரும்ப அதிக நேரம் ஆகாது.

சரி, ஒரு சிப் எப்படி ஒரே நேரத்தில் நாலு இயங்குதளங்களுக்கும் "நான் உனக்கு மட்டும்தான்" என்று நடிக்கிறது?

நினைவகத்தைப் பங்கிடுவது, வன்தட்டைத் தொடுவது, குறுக்கீடுகளை (விசைப்பலகை போன்றவை இடையில் "என்னைக் கவனி" என்று சிப்பை அழைப்பதை) நிறுத்தி வைப்பது எல்லாம் இயங்குதளத்தின் மையமான கேர்னலுக்கு மட்டும் உள்ள அதிகாரம். சாதாரணப் புரோகிராம் ஒன்று அந்தக் கட்டளைகளைக் கொடுத்தால், சிப் அதை மறித்துக் கேர்னலிடம் ஒப்படைத்துவிடும். மெய்நிகராக்கத்தின் மூல யோசனை இந்த மறிப்புத்தான். விருந்தினராக வரும் இயங்குதளத்தை அதிகாரம் இல்லாத இடத்தில் உட்கார வைக்க வேண்டும். அது அதிகாரக் கட்டளை கொடுக்கும் ஒவ்வொரு முறையும் பிடித்து, அது எதிர்பார்க்கும் பதிலைப் போலியாகக் கொடுத்து, மறுபடி ஓடவிட வேண்டும். ஐபிஎம் தன் பெருங்கணினிகளில் 1960களிலேயே இதைச் செய்துவிட்டது. 1974இல் போப்பெக், கோல்ட்பெர்க் என்ற இருவர் இதற்கான நிபந்தனையை எழுதினார்கள்: இயந்திரத்தின் நிலையைத் தொடும் கட்டளை எதுவும் மறிக்கப்படாமல் நழுவக் கூடாது.

நம் மேசைகளில் இருக்கும் இன்டெல், ஏஎம்டி வகை எக்ஸ்86 சிப்கள் அந்தப் பரீட்சையில் தேறவில்லை. பொப்எஃப் என்ற கட்டளையைப் பாருங்கள். குறுக்கீடுகளை நிறுத்தும் கொடியை, அதாவது சிப்புக்குள் இருக்கும் ஆம்-இல்லைக் குறியை, அதால் மாற்றலாம். அதிகாரம் இல்லாதவர் கொடுத்தால் சிப் மறிப்பதும் இல்லை, பிழை சொல்வதும் இல்லை. அந்தக் கொடியை மட்டும் தொடாமல் பேசாமல் மேலே போய்விடும். குறுக்கீடுகள் நின்றுவிட்டன என்று விருந்தினர் கேர்னல் நம்பிக்கொண்டிருக்கும், உண்மையில் நின்றிருக்காது. பென்டியம் சிப்பில் இப்படி 17 கட்டளைகளைக் கணக்கெடுத்திருக்கிறார்கள். விஎம்வெயார் 1999இல் கொண்டுவந்த மென்பொருள், ஓடும்போதே அந்தக் கட்டளைகளைத் தேடிப் பிடித்து மாற்றி எழுதிச் சமாளித்தது. பெரிய கெட்டித்தனம்தான், ஆனால் சுற்றுவழி. 2005 நவம்பரில் இன்டெலும் அடுத்த ஆண்டு ஏஎம்டியும் சிப்பிலேயே தனியான விருந்தினர் நிலை ஒன்றை வைத்தன. அதற்குள் விருந்தினர் கேர்னல் முழு அதிகாரத்தோடே ஓடும். குறித்து வைத்த காரியங்களைச் செய்யும்போது மட்டும் சிப் அதை வெளியே இழுத்து வீட்டுக்காரரிடம், அதாவது விருந்தினர்களைக் கவனிக்கும் மென்பொருளிடம், விடும். மற்றக் கட்டளைகள் எல்லாம் நேரே சிப்பில் ஓடுவதால் வேகத்தில் இழப்பு கொஞ்சம்தான். 2007இல் லினக்ஸ் கேர்னல் இந்த வசதியைக் கேவிஎம் என்ற பெயரில் தனக்குள் எடுத்துக்கொண்டது.

வீட்டுப் பெட்டிக்கு நான் சொல்வது ப்ரொக்ஸ்மொக்ஸ் என்ற மென்பொருள். டெபியன் லினக்ஸ், அதற்குள் கேவிஎம், மேலே பிரவுசரில் திறக்கும் ஒரு பக்கம், அவ்வளவுதான். காசு கேட்காது. உள்ளே போகும்போதெல்லாம் "உங்களிடம் சந்தா இல்லை" என்று ஒரு பெட்டி வரும். ஓகே அழுத்திவிட்டு வேலையைப் பாருங்கள்.

ப்ரொக்ஸ்மொக்ஸில் மெய்நிகர் கணினியும் உண்டு, கொன்டெய்னரும் உண்டு. மெய்நிகர் கணினி தனிவீடு மாதிரி: சொந்தக் கூரை, அதாவது சொந்தக் கேர்னல். கொன்டெய்னர்கள் லயக் காம்பராக்கள். சுவர் தனித்தனி, கூரை எல்லோருக்கும் ஒன்று. கட்டச் செலவு குறைவு, சில நூறு எம்பி நினைவகத்திலேயே ஒன்று குடியிருந்துவிடும். ஆனால் கூரையில் ஓட்டை விழுந்தால் எல்லோரும்தான் நனைவார்கள். வீட்டுக்குள் மட்டும் பாவிக்கும் சின்ன வேலைகளுக்குக் கொன்டெய்னர் போதும். வெளியிலிருந்து ஆள் வந்து தொடும் எதையும், பிள்ளை உடைத்துப் பழகும் எதையும், மெய்நிகர் கணினியில் வையுங்கள்.

புரொசசரைப் பற்றி அதிகம் யோசிக்க வேண்டாம். வீட்டு சேர்வர் நாளின் பெரும்பகுதி சும்மாதான் இருக்கும், மெய்நிகர் கணினிகள் புரொசசரின் நேரத்தைப் பங்கிட்டுக்கொள்ளும். நினைவகம் அப்படி இல்லை. ஒரு மெய்நிகர் கணினிக்கு 4 ஜிபி கொடுத்தால், சில நாளில் அது முழுவதையும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடும். ஒரே ஒரு வன்தட்டு உள்ள பெட்டிக்கு, கோப்புகளை வன்தட்டில் அடுக்கும் முறைகளில் ஒன்றான ஸெட்எஃப்எஸ் வேண்டாம் என்பது என் கருத்து. அதுவும் தன் பங்குக்கு நினைவகம் தின்னும். நிறுவும்போது முதலில் வரும் எக்ஸ்ட்4 தெரிவையே வைத்துக்கொள்ளலாம்.

நிறுவுவது சுலபம். முதலில் பயோஸுக்குள் (இயங்குதளம் எழும்பும் முன் திறக்கும் அமைப்புத் திரைக்குள்) போய், சிப்பின் மெய்நிகராக்க வசதிகளான விடி-எக்ஸ், விடி-டி இரண்டையும் இயக்கத்தில் வையுங்கள். பெட்டியை ரௌட்டரோடு வயரால் இணையுங்கள். வைஃபை வேலைக்கு ஆகாது: மெய்நிகர் கணினிகள் ஒவ்வொன்றும் தனி மக் முகவரியோடு (வலையமைப்பில் ஒவ்வொரு கருவிக்கும் உள்ள அடையாள எண்ணோடு) பேசும், வைஃபை ரௌட்டரோ தன்னிடம் பதிந்த ஒரு முகவரியைத்தான் ஏற்கும். ரௌட்டர் மற்றவர்களுக்குப் பங்கிடும் எல்லைக்கு வெளியே ஒரு ஐபி எண்ணைக் கொடுத்தால், அந்த எண்ணின் 8006 என்ற போர்ட்டில், முன்பு சொன்ன பிரவுசர் பக்கம் திறந்துவிடும்.

மலையகத்தில் இதற்கு வில்லன் கரண்ட்தான். மேல் கொத்மலையும் லக்சபானவும் நம் பக்கத்திலேயே மின்சாரம் எடுக்கின்றன, என்றாலும் சித்திரை மாதத்துப் பின்னேர இடியில் லைன் போவது போய்க்கொண்டுதான் இருக்கிறது. போகும் நொடியில் உள்ளே என்ன நடக்கிறது என்று பார்த்தால் பயம் வரும். புரோகிராம் ஒரு கோப்பைச் சேமிக்கச் சொல்கிறது. விருந்தினர் கேர்னல் அதை நினைவகத்தில் வைத்துக்கொண்டு "எழுதியாச்சு" என்கிறது. வன்தட்டுக்கு அனுப்பச் சில நொடிகள் எடுக்கும். கீழே வன்தட்டாக இருக்கும் எஸ்எஸ்டியும் தன் சொந்த கேஷில், அதாவது தற்காலிக நினைவகத்தில், வாங்கி வைத்துக்கொண்டு அதையே சொல்கிறது. தரவுத்தளம் போன்ற கவனமான புரோகிராம்கள் இந்தப் பேச்சை நம்பாமல், "உண்மையாகவே இறங்கிய பிறகு சொல்லு" என்று ஃபிளஷ் கட்டளை கொடுக்கும். ப்ரொக்ஸ்மொக்ஸ் வழக்கமாக வைக்கும் "நோ கேஷ்" தெரிவு அந்தக் கட்டளையை அடிவரை கொண்டுபோகும். "அன்சேஃப்" என்ற தெரிவு அதைக் காதிலேயே வாங்காது. வேகச் சோதனையில் பிரமாதமான எண் காட்டும், அதில் மயங்காதீர்கள். விலையுயர்ந்த சேர்வர் எஸ்எஸ்டிகளில், கரண்ட் போனாலும் கேஷில் உள்ளதை எழுதி முடிக்கக் கொஞ்சம் மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் கெபாசிட்டர்கள் இருக்கும். நம் பெட்டிக்குள் வருவது மடிக்கணினித் தரம். அதில் அவை இருப்பதில்லை.

ஆகவே யூபிஎஸ் தேவை, அதுவும் யுஎஸ்பி வயரால் பெட்டியோடு பேசக்கூடியது. பேசாத யூபிஎஸ் இறுதி நொடியைத் தள்ளிப்போடும், அவ்வளவுதான். 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி பெட்டரியில் பெயரளவுக்கு 84 வாட்-மணி இருக்கிறது. பாதிதான் கைக்கு வரும் என்று வைத்தாலும், 15 வாட் எடுக்கும் பெட்டியை இரண்டரை மணி நேரத்துக்கு மேல் தாங்கும். நட் என்ற இலவச மென்பொருள் பெட்டரியைப் பார்த்துக்கொண்டிருந்து, குறைந்ததும் மெய்நிகர் கணினிகளை முறையாக மூடவைத்துப் பெட்டியையும் அணைக்கும். கரண்ட் வந்ததும் தானாக எழும்ப பயோஸில் ஒரு தெரிவு உண்டு. இதில் ஒரு கண்ணி இருக்கிறது. பெட்டி அணைந்த பிறகு, பெட்டரி தீர்வதற்கு முன்னே கரண்ட் வந்துவிட்டால், பெட்டியைப் பொறுத்தவரை மின்சாரம் போகவே இல்லை. அதனால் எழும்பாமல் கிடக்கும். மூடி முடிந்ததும் யூபிஎஸ்ஸின் வெளியீட்டையே துண்டிக்கச் சொல்லும் கட்டளையையும் நட்டில் சேர்த்துவிடுங்கள்.

பில் அவ்வளவு பயப்படுத்தாது. 15 வாட் பெட்டி 30 நாள் ஓடினால் 10.8 அலகு. அதே வேலைக்குப் பழைய 60 வாட் டெஸ்க்டொப்பை வைத்தால் 43 அலகு.

நுவரெலியா 1,868 மீற்றர் உயரம். காற்றின் அடர்த்தி கடற்கரையைவிட ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு குறைவு, அதனால் விசிறி தள்ளும் காற்று குறைந்த வெப்பத்தையே சுமக்கும். குளிர் அதை ஈடுகட்டிவிடும். பனிமூட்டத்தின் ஈரமும் ஓடும் பெட்டியை ஒன்றும் செய்யாது, சுற்றியுள்ள காற்றைவிட அது சூடாக இருப்பதால். இரவெல்லாம் அணைந்து குளிர்ந்து கிடந்ததைக் காலையில் கேத்தல் கொதிக்கும் அறைக்குள் கொண்டுவந்தால்தான் உள்ளே நீர் படியும். சமையலறையில் வைக்காதீர்கள்.

கடைசியாக, பெக்கப். ப்ரொக்ஸ்மொக்ஸில் ஒரு மெய்நிகர் கணினியின் பெக்கப் ஒரே கோப்பு. அதை வேறொரு யுஎஸ்பி வன்தட்டில் விழச் செய்யுங்கள்; அதே எஸ்எஸ்டியில் கிடந்தால் பிரயோசனம் இல்லை. இடைக்கிடை அதில் ஒன்றை வேறு எண் கொடுத்து மீட்டு, இயக்கிப் பாருங்கள். இயக்கும் முன் அதன் வலையமைப்பு இணைப்பைக் கழற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் அசலும் நகலும் ஒரே ஐபியோடு எழும்பிச் சண்டை பிடிக்கும்.