ஓவர்சார்ஜ் – மிகைகொள்ளல்

ஆட்டோ, ஆம்னி பஸ், பார்க்கிங் என்று எங்கே போனாலும் நம் வாயில் வந்துவிழும் சொல் ‘ஓவர்சார்ஜ்’. உரிய தொகைக்கு மேல் பணம் வாங்குவது என்று பொருள். இதிலுள்ள ‘சார்ஜ்’ லத்தீனில் பிறந்து பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போனது. வேர்ச்சொல் ‘கார்ருஸ்’, அதாவது வண்டி. வண்டியில் பாரம் ஏற்றுவதுதான் முதற்பொருள். பிறகு ஒருவர் தலையில் ஏற்றும் பொறுப்பு, குற்றச்சாட்டு, செலவு, கட்டணம் என்று விரிந்தது.

பேச்சுத் தமிழில் இதற்குச் சொற்பஞ்சமே இல்லை. யானை விலை குதிரை விலை, அநியாய விலை, பகல் கொள்ளை, தீட்டிட்டான், மொட்டையடிச்சிட்டான். கேட்கிற தரப்புக்கும் ஒரு தொடர் உண்டு: ‘மீட்டருக்கு மேல போட்டுக் குடுங்க.’ சென்னையில் 2013-இல் அரசு வைத்த ஆட்டோக் கட்டணம் முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், பிறகு கிலோமீட்டருக்கு 12 ரூபாய். 5 கிலோமீட்டர் போனால் 63 ரூபாய் சொச்சம். ஆனால் பெட்ரோல் விலை ஏற ஏற அந்தக் கட்டணம் பல ஆண்டுகள் அப்படியே கிடந்தது. மேலே கேட்ட ஓட்டுநர் எல்லோரையும் கொள்ளைக்காரர் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. உரிய விலை எது என்பது தெளிவாக இருந்தால்தான் இந்தச் சொல்லுக்கே பொருள் உண்டு.

சரி, எழுத்தில் என்ன சொல்கிறோம்? செய்திகளில் ‘கூடுதல் கட்டணம் வசூல்’ என்கிறார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை. கூடுதல் என்றால் கூட்டிச் சேர்த்தது, அவ்வளவுதான். தட்கல் டிக்கெட்டுக்கு ரயில்வே வாங்குவதும் கூடுதல் கட்டணமே, அது முறையானது. ‘சர்சார்ஜ்’ என்பதற்கு அந்தத் தொடர் சரியாகப் பொருந்தும். 20 ரூபாய் என்று அச்சிட்ட தண்ணீர் பாட்டிலை ‘கூலிங்குக்கு அஞ்சு ரூபா’ என்று சொல்லி 25-க்கு விற்பது அப்படியா? பொட்டலப் பொருட்களுக்கான 2011-ஆம் ஆண்டு எடையளவு விதிகளின்படி, அச்சிட்ட விலைக்கு மேல் கடைக்காரர் விற்கக் கூடாது. இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்தால் தவறு தவறாகத் தெரியாது.

பொருத்தமான சொல் பட்டினப்பாலையில் இருக்கிறது. காவிரிப்பூம்பட்டினத்து வணிகர்களைப் பற்றி உருத்திரங்கண்ணனார் சொல்கிறார்: ‘கொள்வதூஉம் மிகை கொளாது கொடுப்பதூஉம் குறை கொடாது.’ வாங்கும்போது அளவுக்கு மேல் வாங்கமாட்டார்கள், கொடுக்கும்போது குறைத்துக் கொடுக்கமாட்டார்கள். மிகை கொள்ளுதல் என்றால் உரியதற்கு மேல் எடுத்துக்கொள்வது. ஓவர்சார்ஜ் என்பதும் அதுதானே! ‘பிறப்பறுக்கல் உற்றார்க்கு உடம்பும் மிகை’ என்று குறளிலும் மிகை வருகிறது. அங்கே அது வேண்டாத சுமை. சார்ஜ் என்பதன் பழைய பொருளுக்கு எவ்வளவு பக்கம்!

ஒரு தடை எழலாம். பொங்கல் போனஸை அரசு ‘மிகை ஊதியம்’ என்கிறது, அங்கே மிகை நல்ல பொருளில்தான் வருகிறது. உண்மைதான். கொடுக்கும்போது மிகை நல்லது, கொள்ளும்போதுதான் குற்றம். அதனால் செயலைக் குறிக்க ‘மிகைகொள்ளல்’ என்று முழுதாகவே சொல்லலாம். வாங்கிய தொகையை ‘மிகைக்கட்டணம்’ எனலாம். ‘தீபாவளிக்கு மிகைக்கட்டணம் வாங்கிய பேருந்துகளுக்கு அபராதம்’ என்று தலைப்பு வந்தால் யாருக்கும் அகராதி தேவைப்படாது.