ஜானர்: வகையா, வகைமையா, திணையா?

ஜானர் (பெயர்ச்சொல்): படம், கதை, இசை, ஓவியம் ஆகியவற்றை ஒத்த தன்மை பார்த்துச் சேர்த்துவைக்கும் பிரிவு. தமிழில் வகைமை.

அகராதிக்கு இவ்வளவு போதும். ஆனால் "படம் ஓகே, என்ன ஜானர்னுதான் புரியல" என்று ஒருவர் அலுத்துக்கொள்ளும்போது, இதை எந்த அளவுகோலால் அளப்பது என்று தெரியாமல்தான் தடுமாறுகிறார். படம் பார்க்கிறவர்களுக்கு இந்தச் சொல் உதவுவதும் தொல்லை கொடுப்பதும் அங்கேதான்.

சொல் பிரெஞ்சு. அதன் முதல் ஒலி தமிழில் இல்லை. நாம் 'ஜ' போட்டுக்கொண்டோம். பிரெஞ்சிலிருந்து நேராக மொழிபெயர்ப்பவர்கள் 'ழ' போடுவார்கள். இரண்டுமே ஒப்பேற்றல்தான். பிரெஞ்சுக்கு இது லத்தீனின் 'கெனுஸ்' என்ற சொல்லிலிருந்து வந்தது. அதற்குப் பிறப்பு, குலம், இனம் என்று பொருள். சமஸ்கிருதத்தின் 'ஜன்' என்ற வேரும் அதே குடும்பம்தான். ஜனனம், ஜனம், ஜென்மம் எல்லாம் அதிலிருந்து வந்தவை, ஜாதியும் அதிலிருந்துதான். ஆக, ஜானரும் ஜாதியும் தூரத்துப் பங்காளிகள். சிலர் படத்தின் ஜானரை விசாரிக்கும் தொனியைக் கேட்டால் இந்த உறவு அவ்வளவு தூரம் இல்லையோ என்று தோன்றும்.

வகை அப்படி வந்ததல்ல. வகு என்றால் பிரி, பகு. பிறப்பைப் பார்க்காமல், பார்ப்பவர் பிரித்துவைத்ததைச் சொல்கிறது. சினிமாவுக்கு இதுதான் பொருத்தம் என்பேன், ஏனென்றால் பல படங்களுக்கு வகைமை பிறகுதான் ஒட்டப்பட்டது. 'நுவார்' என்று இன்று நாம் சொல்லும் 1940களின் அமெரிக்கக் குற்றப் படங்களை எடுத்தவர்கள் நுவார் எடுப்பதாக நினைக்கவில்லை. போர்க்காலத்தில் பிரான்சுக்கு வராமல் நின்றுபோன படங்கள் பிறகு மொத்தமாக வந்து இறங்கியபோது, 1946இல் நீனோ ஃபிராங்க் என்ற விமர்சகர் அவற்றில் சிலவற்றை 'ஃபிலிம் நுவார்', அதாவது 'கறுப்புப் படம்' என்றார். பெயர் நின்றுவிட்டது.

பெயர் வைப்பதில் ஒரே முறை கிடையாது. இத்தாலியர்கள் மர்மக் கதையை 'ஜாலோ' என்கிறார்கள். மஞ்சள் என்று பொருள். 1929இல் மொண்டடோரி பதிப்பகம் தொடங்கிய துப்பறியும் நாவல் வரிசைக்கு மஞ்சள் அட்டை, அவ்வளவுதான் காரணம். ஜப்பானியர்கள் காலத்தைப் பார்த்தார்கள்: 1868க்கு முந்தைய காலத்தில் நடந்தால் 'ஜிதாய்கெகி', இன்றைய வாழ்க்கை என்றால் 'கெந்தாய்கெகி'. நம்மூரிலும் ஏறக்குறைய இதே கோடுதான். ஒரு பக்கம் புராணப் படம், ராஜா ராணிப் படம். மறுபக்கம் சமூகப் படம். 1935இல் வந்த 'மேனகா'வைத் தமிழின் முதல் சமூகப் படம் என்பார்கள். அது சமூகத்தைத் திருத்தியதா என்பது வேறு கதை. ராஜாக்களும் தேவர்களும் இல்லை என்பதுதான் அந்தப் பெயரின் முதல் பொருள். பேய்ப் படமும் காமெடியும் இன்னொரு கணக்கு. அவற்றை இடமோ காலமோ அடையாளம் காட்டுவதில்லை, பார்ப்பவருக்கு வர வேண்டிய உணர்ச்சி காட்டுகிறது. தொல்காப்பியர் எட்டு மெய்ப்பாடுகளில் அச்சம், நகை என்று அடுக்கியது இதைத்தான் ஒட்டி வருகிறது.

அப்புறம் திணை. ஜானரைத் திணை என்றே சொல்லலாமே என்று கேட்பவர்களிடம் நியாயம் இருக்கிறது. பிரெஞ்சில் இதே சொல் இலக்கணத்தில் ஆண்பால், பெண்பால் பிரிவையும் குறிக்கும். தமிழிலும் திணை என்ற ஒரே சொல் உயர்திணை, அஃறிணை என இலக்கணத்திலும் இருக்கிறது. குறிஞ்சி, முல்லை எனக் கவிதையிலும் இருக்கிறது. அதைவிடப் பெரிய காரணம், திணைக்குள் அலசும் முறையே இருக்கிறது. முதற்பொருள் நிலமும் பொழுதும். கருப்பொருள் அந்த நிலத்தில் உள்ள விலங்கு, தொழில், பறை போன்றவை. உரிப்பொருள் அங்கே நிகழும் உணர்வு.

ஒரு படத்தில் போட்டுப் பார்க்கலாம். ஜப்பானிய இயக்குநர் அகிரா குரோசவாவின் 'செவன் சாமுராய்' 1954இல் வந்தது. கொள்ளையரிடமிருந்து கிராமத்தைக் காக்க ஏழு வீரர்கள் கூலிக்கு வருகிறார்கள். ஹாலிவுட் 1960இல் அதை 'தி மேக்னிஃபிசென்ட் செவன்' என்று எடுத்தது. ஜப்பான் மெக்சிகோ ஆனது, வாள் துப்பாக்கியானது. முதலும் கருவும் மாறியதால் ஜிதாய்கெகி வெஸ்டர்ன், அதாவது கௌபாய்ப் படம், ஆகிவிட்டது. காக்க வந்தவன் அந்த ஊருக்கு உரியவன் ஆக முடியாது என்ற உரிப்பொருள் மட்டும் இரண்டிலும் ஒன்று. வேறு நாட்டு, வேறு காலத்துப் படங்களை ஒப்பிடும்போது குதிரையையும் தொப்பியையும் எண்ணிக்கொண்டிருக்காமல் இந்த மூன்றாவதைப் பிடித்தால் பேச்சு உருப்படியாக இருக்கும்.

காதல், அடிதடி, நகைச்சுவை, அம்மா செண்டிமெண்ட் எல்லாம் ஒரே படத்தில் வருவதைத் தமிழ்ப் படத்தின் கோளாறு என்று சொல்லும் பழக்கம் நமக்கு உண்டு. 'திணை மயக்குறுதலும் கடிநிலை இலவே' என்கிறது தொல்காப்பியம். கலப்பதற்குத் தடை இல்லை. நிலம் மட்டும் ஒன்றோடொன்று கலக்காது என்று அடுத்த வரியிலேயே ஒரு கட்டுப்பாடும் வைக்கிறது. கலப்பதைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஊன்றி நிற்க ஒரு நிலம் இல்லாமல் கலக்கும் படத்தைத்தான் கேள்வி கேட்க வேண்டும்.

சரி, பிறகு ஏன் திணை என்றே எழுதக்கூடாது? அந்தச் சொல்லுக்கு ஏற்கெனவே கைநிறைய வேலை. 'திரில்லர் திணை' என்று போஸ்டரில் போட்டால் கேலியாகத்தான் தெரியும். வகை என்பதோ புடவை முதல் பொரியல் வரை எல்லாவற்றுக்கும் வரும். அதனால்தான் இலக்கிய ஆய்விலிருந்து வந்த வகைமையே கலைப்படைப்புக்கென்று தனியாக நிற்கிறது. ஒன்றுக்குள் இன்னொன்று என்றால் உள்வகைமை. பேயும் காமெடியும் சேர்ந்தால் கலப்பு வகைமை. பேச்சில் ஜானர் போகாது, போகவும் வேண்டாம்.