ஆடாத ஊஞ்சலும் வெற்றிடமும்

"மெய்நிகர் ஃபோட்டான் உண்மையிலேயே இருக்கிறதா, கணக்குக்காக வைத்துக்கொண்டதா?" என்று பிளஸ் 2 மாணவி ஒருவர் கேட்டிருந்தார். இயற்பியலாளர்களே இதில் ஒரே குரலில் பேசுவதில்லை. இரண்டு எலக்ட்ரான்கள் ஒன்றையொன்று விலக்குவதை, இடையே ஃபோட்டான்கள், அதாவது ஒளித்துகள்கள், கைமாறுவதாக எழுதிக் கணக்கிடுகிறோம். கணக்கின் நடுவில் தோன்றி விடைக்குள் மறைந்துவிடும் அவைதாம் மெய்நிகர் ஃபோட்டான்கள். எந்தக் கருவியிலும் அவை நேரடியாகச் சிக்குவதில்லை. வெற்றிடத்தில் மின்காந்தப் புலம் ஓயாமல் நடுங்குவதையும் இதே பெயரில்தான் பேசுகிறோம்.

அந்த நடுக்கத்தைப் புரிந்துகொள்ள ஊஞ்சலைப் பாருங்கள். ஊஞ்சல் பலகையில் நின்றபடி ஆடும் சிறுமி, இரு ஓரங்களிலும் குந்துகிறாள். நடுவுக்கு வரும்போது எழுந்து நிற்கிறாள். ஒருமுறை போய்வருவதற்குள் இரண்டு முறை எழுகிறாள். யாரும் தள்ளாமலே வீச்சு ஏறிக்கொண்டே போகிறது. ஆனால் ஊஞ்சல் அசையாமல் தொங்கும்போது எத்தனை முறை குந்தி எழுந்தாலும் பலனில்லை. ஆட்டத்தைப் பெருக்கலாம், இல்லாத ஆட்டத்தைப் பெருக்க முடியாது.

வெற்றிடம் என்னும் ஊஞ்சல் ஒருபோதும் முழுதாக நிற்பதில்லை. இருக்கும் இடத்தையும் வேகத்தையும் ஒருசேரத் துல்லியமாகச் சொல்ல முடியாது என்னும் குவாண்டம் நிச்சயமின்மைக் கோட்பாடு அதை நிற்க விடாது. அப்படியானால் சரியான தாளத்தில் குந்தி எழுந்தால் அந்த நடுக்கம் மெய்யான ஒளியாகப் பெருக வேண்டும் அல்லவா? குந்தி எழும் வேலையை ஒரு கண்ணாடி செய்யலாம் என்று 1970இல் இயற்பியலாளர் ஜெரால்டு மூர் கணக்குப் போட்டுக் காட்டினார். கண்ணாடியின் பரப்பில் புலம் சுழியாகியே தீர வேண்டும். கண்ணாடி மெல்ல நகர்ந்தால் புலம் அதற்கேற்ப ஒதுங்கிக்கொள்ளும். ஒளியின் வேகத்தோடு ஒப்பிடத்தக்க வேகத்தில் அசைந்தால் ஒதுங்க நேரமில்லாமல், ஃபோட்டான்கள் தெறித்து வெளியேறும்.

உலோகக் கண்ணாடி எதையும் அந்த வேகத்தில் ஆட்ட முடியாது. சுவீடனின் சால்மர்ஸ் பல்கலைக்கழகத்தில் கிறிஸ்டோபர் வில்சனும் பெர் டெல்சிங்கும் சகாக்களும் கண்ட வழி எனக்கு இன்றும் வியப்பூட்டுகிறது. நுண்ணலை ஓடும் மின்தடத்தின் முனையில் ஸ்குவிட் எனப்படும், மின்தடையற்ற மீக்கடத்தியாலான வளையத்தை வைத்தார்கள். அதன் ஊடே செல்லும் காந்தப்புலத்தை மாற்றினால் தடத்தின் மின்நீளம், அதாவது அலை உணரும் நீளம், மாறும். அலைக்கு, கண்ணாடியே நகர்ந்ததுபோலத் தோன்றும். வெப்பத்தால் பிறக்கும் ஃபோட்டான்கள் கலந்துவிடாதபடி, குளிரின் கடைசி எல்லையான தனிச்சுழிக்கு ஒரு டிகிரிகூட மேலே போகாத குளிரில் அதை நொடிக்குப் பல நூறு கோடி முறை ஆட்டினார்கள். 2011இல் முடிவு வெளியானது: நுண்ணலை ஃபோட்டான்கள் ஜோடி ஜோடியாக வந்தன. ஒவ்வொரு ஜோடியின் அதிர்வெண்களையும் கூட்டினால், கண்ணாடியை ஆட்டிய அதிர்வெண் கிடைத்தது. சிறுமியின் இரண்டுக்கு ஒன்று என்ற அதே தாளம்!

வெற்றிடத்திலிருந்து இலவச மின்சாரம் எடுப்பதாகச் சொல்லிக் கருவி விற்பவர்களை நம்பாதீர்கள். இந்த ஃபோட்டான்களின் ஆற்றல் முழுவதும் கண்ணாடியை ஆட்டச் செலவிட்டதிலிருந்து வந்தது. மூரின் கணக்கு ஆய்வகத்தை எட்ட 41 ஆண்டுகள் ஆயின. மூன்றே ஆண்டுகளில் பயன் கேட்கும் நிதிக்குழு எதுவும் அதற்குக் காத்திருந்திருக்காது என்பது என் வருத்தம்.

மாணவிக்கு என் பதில் இதுதான்: அந்த ஃபோட்டான்கள் முன்பே எங்கோ ஒளிந்திருக்கவில்லை. நடுக்கம் இருந்தது; ஆட்டியபோது அது ஒளியானது.