சொல் விளக்கம்: நார்கோட்டிக்

மண்டபம், வேதாளை, தொண்டி போன்ற ஊர்களின் பெயர் செய்தித்தாளில் அடிபடும்போது, இலங்கைக்குப் படகில் கடத்த வைத்திருந்த பொட்டலங்களைப் பற்றிய செய்தியாகவே அது பெரும்பாலும் இருக்கிறது. 'நார்கோட்டிக்' என்ற சொல்லை இராமநாதபுரம் கடற்கரை மக்கள் அறிந்தது இப்படித்தான். ஆனால், மருத்துவமனையில் புற்றுநோயாளிக்குக் கொடுக்கும் மார்ஃபின் மாத்திரைக்கும் இதே பெயர்தான். தமிழில் இரண்டையும் 'போதை மருந்து' என்று எழுதிவிடுகிறோம். இந்த ஒற்றைப் பெயர் நோயாளிக்கு ஒரு விதத்திலும் இளைஞர்களுக்கு இன்னொரு விதத்திலும் தீங்கு செய்கிறது.

மருந்தியலில் இச்சொல்லின் எல்லை குறுகியது. வலியை மழுங்கச் செய்து மந்தத்தையும் உறக்கத்தையும் தரும் அபின் குடும்பத்தையே அது குறிக்கிறது. அபினிலிருந்து பிரித்தெடுக்கும் மார்ஃபின், கோடீன். மார்ஃபினை மாற்றிச் செய்யும் ஹெராயின். ஆய்வகத்தில் உருவான ஃபென்டனில், டிரமடால், டேபென்டடால் ஆகியவை இதில் அடங்கும். மருத்துவ நூல்கள் இப்போது 'ஓபியாய்டு' என்று எழுதவே விரும்புகின்றன. சட்டம் போட்ட எல்லையோ வேறு. 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் அபினோடு கஞ்சாவையும் கோக்கா இலையையும் 'நார்கோட்டிக்' என்ற தலைப்பில் சேர்த்திருக்கிறது. கோக்கா இலையிலிருந்து வரும் கொக்கெயின் உள்ளே போனால் மந்தம் தருவதில்லை. இதயத்தை விரட்டுகிறது, இரத்த அழுத்தத்தை ஏற்றுகிறது. 'ஐஸ்' என்கிற மெத்தாம்ஃபெட்டமினும் தூண்டும் வகைதான். சட்டம் அதை மனத்தை மாற்றும் பொருள்களின் தனிப் பட்டியலில் வைத்திருக்கிறது. மீன் பெட்டிகளுக்கு ஐஸ் உடைத்துப் போட்டுப் பிழைக்கும் ஊர்களில் அந்தச் சொல்லுக்கு இப்படியொரு பொருள் ஏறியது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது.

இனி, சொல்லின் பிறப்பு. கிரேக்கத்தில் 'நார்கே' என்றால் மரத்துப்போதல், மரமரப்பு. அதிலிருந்து 'நார்கோட்டிகோன்', அதாவது மரக்கச் செய்வது, உருவாகி, இலத்தீன், பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போய் நம்மிடம் வந்தது. இதே 'நார்கே' கிரேக்கர்களுக்கு ஒரு மீனின் பெயரும்கூட. அந்த மீனை, நூல் எதையும் புரட்டாமலே, மன்னார் வளைகுடாவிலும் பாக் நீரிணையிலும் வலை இழுப்பவர்கள் அறிவார்கள். மணலோடு மணலாக வலையில் ஏறி வரும் மின்திருக்கைதான் அது. வட்டமான உடல், வழவழப்பான தோல், வாலில் முள் கிடையாது. தெரியாமல் கையை வைத்தால் சுரீரென்று ஏறும்; விரல்கள் சிறிது நேரம் மரத்துக் கிடக்கும். அதன் தலைக்கு இரு பக்கமும் தசைச் செல்கள் உருமாறி, தேன்கூட்டின் அறைகளைப் போல அடுக்கடுக்காக நின்று மின்சாரத்தை உண்டாக்குகின்றன. விலங்கியலாளர்கள் இம்மீன்களின் பேரினங்களுக்கு 'நார்கே' என்றும் 'நார்சினே' என்றுமே பெயர் வைத்திருக்கிறார்கள்.

முதலாம் நூற்றாண்டில் ரோமாபுரி மருத்துவர் ஸ்கிரிபோனியஸ் லார்கஸ், தீராத தலைவலிக்கு உயிருள்ள மின்திருக்கையை வலிக்கும் இடத்தில் வைக்கச் சொன்னார். கீல்வாதக்காரர் ஈரமான கடற்கரையில் அதைக் காலடியில் போட்டு, கால் மரக்கும்வரை நிற்க வேண்டும். ஆக, கிரேக்கச் சொல்லின் வேரில் இன்பம் என்ற பொருளே இல்லை. உடலுக்கு என்ன நேர்கிறது என்பதை மட்டுமே அது சொல்கிறது. நம்முடைய 'போதை' அப்படியல்ல. தேடிப்போகிறவன் அடையும் கிறக்கத்தைச் சொல்கிறது. மது போதை, பதவி போதை என்றெல்லாம் விரிந்திருப்பதும் அதனால்தான். வலியில் துடிக்கும் ஒருவர் கிறக்கத்தைத் தேடவில்லை.

மரக்கச் செய்தல் உடலுக்குள் எப்படி நிகழ்கிறது? மூளையிலும் தண்டுவடத்திலும் குடலிலும் இம்மருந்துகளை ஏற்கும் வாங்கிகள் இருக்கின்றன. வலியைத் தணிக்க நம் உடலே சுரக்கும் எண்டார்ஃபின்களுக்கான இடம் அது. மார்ஃபின் அங்கே போய் அமரும்போது வலிச் செய்தி மேலே ஏறுவது குறைகிறது. கண்மணி ஊசிமுனையளவு சுருங்குகிறது. குடலின் அசைவு மந்தமாகி மலம் இறுகுகிறது. ஆபத்து இருப்பது மூளைத்தண்டில். இரத்தத்தில் கரியமில வாயு ஏறினால் 'மூச்சு விடு' என்று விரட்டும் பகுதி அங்கே இருக்கிறது; அளவு மிஞ்சினால் அதுவும் மரத்துப்போகிறது. உறங்குவதுபோலத் தோன்றுகிறவனுக்கு மூச்சு அரிதாகி, உதடு நீலம் பாரிக்கிறது. நலாக்சோன் என்ற முறிவு மருந்து சில நிமிடங்களில் அவனை மீட்கும். ஆனால் அதன் வேலை அரை மணியிலிருந்து ஒன்றரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடுவதால், எழுந்து உட்கார்ந்தவனை வீட்டுக்கு அனுப்பிவிடக் கூடாது.

தொடர்ந்து எடுத்தால் அதே பலனுக்குக் கூடுதல் அளவு தேவைப்படும். நிறுத்தினால் கொட்டாவி, மூக்கொழுகல், மயிர்க்கூச்சம், வயிற்றோட்டம். சில வாரம் விட்டவன் மறுபடி பழைய அளவையே எடுக்கும்போதுதான் பல உயிர்கள் போகின்றன. பழகிய உடல் அதற்குள் பழக்கம் இழந்திருக்கும்.

கீழக்கரைப் பக்கம் ஒரு வீட்டில், எலும்பு வரை புற்று பரவிய தாய்க்கு மார்ஃபின் எழுதிக் கொடுத்திருந்தார்கள். பத்து மில்லிகிராம் மாத்திரை, நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை, கூடவே மலமிளக்கி. மாத்திரை அட்டை பிரிக்கப்படாமல் அலமாரியில் இருந்தது. "உம்மாவுக்குப் போதை மாத்திரையா கொடுக்கச் சொல்கிறீர்கள்? ஊரில் என்ன சொல்வார்கள்?" என்றார் மகன். அடுத்த அறையில் அந்த அம்மா தலையணையைப் பல்லால் கடித்துக்கொண்டிருந்தார். அந்தச் சொல் மட்டும் வேறாக இருந்திருந்தால் அட்டை அன்றே பிரிந்திருக்கும் என்று இன்றும் நம்புகிறேன். வாய்வழி மார்ஃபின் உலக சுகாதார நிறுவனத்தின் இன்றியமையா மருந்துப் பட்டியலில் இருக்கிறது. நோயாளிக்கு அது கிடைப்பதை எளிதாக்கவே நம் சட்டத்தையும் 2014இல் திருத்தினார்கள்.

இளைஞர்களிடம் நேர்வது இதற்கு நேர்மாறு. அவர்களுக்குப் 'போதைப்பொருள்' என்றால் பொட்டலம். மருந்துக்கடை அட்டையில் இருப்பது 'வெறும் மாத்திரை'. டேபென்டடால் போன்ற வலி மாத்திரைகளைப் பொடித்துத் தண்ணீரில் கலக்கி ஊசியாக ஏற்றும் பழக்கம் தமிழ்நாட்டில் பரவியது இந்தத் துணிச்சலால்தான். மாத்திரையை இறுக்கிப் பிடிக்க டால்க், செல்லுலோஸ் சேர்த்திருப்பார்கள். அவை தண்ணீரில் கரைவதில்லை. இரத்தக் குழாயில் ஏற்றினால் துகள்கள் நுரையீரலின் மெல்லிய குழாய்களில் போய் அடைகின்றன. ஏற்றிய இடம் புண்ணாகிச் சீழ் வைக்கிறது. கிருமி இதய வால்வு வரை போவதும் உண்டு.

சரியான தமிழ்ச் சொல் எது? 'மயக்க மருந்து' பொருந்தாது. அறுவைக்கு முன் கொடுப்பதற்கு அது நிலைத்துவிட்டது. மூலத்துக்கு மிக நெருக்கம் 'திமிர்'. இன்று செருக்கு என்றே அதற்குப் பொருள் கொண்டாலும், மரத்துப்போதல் என்ற பொருளும் அதற்கு உண்டு. திமிர்வாதம் என்பதில் அது அப்படியே இருக்கிறது. ஆனால் 'திமிர் மருந்து' என்று எழுதினால் யாருக்கும் விளங்காது. பல் பிடுங்கும் முன் போடுவதை 'மரத்துப்போகிற ஊசி' என்று மக்களே சொல்லிவிட்டதால் 'மரப்பு மருந்து' என்றாலும் குழப்பம்தான். ஆகவே இரண்டாகப் பிரித்து எழுதுவதே சரி. சட்டமும் கடத்தலும் பற்றிய பேச்சில் 'போதைப்பொருள்'. மருத்துவச் சீட்டிலும் நோயாளியின் வீட்டிலும் 'அபின்வகை வலிநீக்கி', பேச்சுக்கு 'கடும்வலி மருந்து'.

இக்கரையில் அடிக்கடி பிடிபடும் பிரிகாபலினையும் செய்திகள் 'போதை மாத்திரை' என்கின்றன. அது அபின் குடும்பமே அல்ல. நரம்பு நுனியில் கால்சியம் நுழையும் வாயிலைத் தணித்து, நீரிழிவுக்காரரின் கால் எரிச்சலையும் சிலவகை வலிப்பையும் குறைப்பது. மதுவோடோ அபின்வகையோடோ சேர்ந்தால் மூச்சை அடக்கக்கூடியது. அதற்கு 'நரம்புவலி மாத்திரை' என்ற பெயர் போதும். செய்தியைப் பார்த்துப் பயந்து, பாட்டி சாப்பிடும் பிரிகாபலினை ஒரே நாளில் நிறுத்திவிடாதீர்கள். தூக்கமின்மையும் வியர்வையும், சிலருக்கு வலிப்பும் வரலாம். மருத்துவரைக் கேட்டு, குறைந்தது ஒரு வாரத்துக்கு அளவைப் படிப்படியாக இறக்கித்தான் நிறுத்த வேண்டும்.